போர்க்கைதியின் அட்டை: பிடிபட்ட படைவீரரைச் சட்டம் எப்படிக் காக்கிறது?

போர்க்கைதி ஒருவர் முகாமுக்கு வந்து சேர்ந்து ஒரு வாரம் முடிவதற்குள் அவருக்கு அட்டை எழுத வாய்ப்புத் தர வேண்டும். நான் பிடிபட்டிருக்கிறேன், என் உடல்நிலை இப்படி இருக்கிறது, இந்த முகவரிக்குக் கடிதம் போடலாம் என்று அதில் எழுதுவார். ஓர் அட்டை அவருடைய வீட்டுக்குப் போகும். இன்னொன்று, போர்க்கைதிகளைப் பற்றிய தகவல்களைத் திரட்டுவதற்கென்றே உள்ள மைய நிறுவனத்துக்குப் போகும்.

இப்படிச் சொல்வது 1949ஆம் ஆண்டின் மூன்றாவது ஜெனீவா ஒப்பந்தம், பிரிவு 70. மொத்தம் 143 பிரிவுகள் கொண்ட அந்த ஒப்பந்தத்தில் இது ஒரு சின்ன நடைமுறை போலத் தெரியும். ஆனால் போர்க்கைதிகள் பற்றிய சட்டத்தை யாராவது என்னிடம் கேட்டால், இந்த அட்டையிலிருந்துதான் தொடங்குவேன். ஒருவருடைய பெயர் எதிரியின் பதிவேட்டில் ஏறி, அது வெளியில் உள்ளவர்களுக்கும் தெரிந்துவிட்டால், அப்புறம் அவரைச் சத்தமில்லாமல் கொன்று புதைப்பது சுலபமில்லை. "எங்களிடம் அப்படி ஒருவர் இல்லவே இல்லை" என்று கை விரிக்கவும் முடியாது. உணவு, மருத்துவம், கடிதம், விடுதலை என்று மற்றவை எல்லாம் பெயர் பதிவான பிறகுதான் நடைமுறைக்கு வருகின்றன.

போர் நியாயமா என்பது வேறு கேள்வி

போர் நடக்கும்போது எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று வகுக்கும் விதிகளைத்தான் சர்வதேச மனிதாபிமானச் சட்டம் என்கிறோம். போரைத் தொடங்கியது யார், யார் பக்கம் நியாயம் என்பதற்குள் அது நுழைவதே இல்லை. அந்தக் கேள்விக்கு ஐக்கிய நாடுகள் சாசனம் போன்ற வேறு சட்டங்கள் இருக்கின்றன. புதிதாகப் படிப்பவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். "எங்கள் ஊருக்குள் புகுந்து குண்டு போட்டவனுக்கு எதற்கு மரியாதை?" என்ற கோபம் வருவது இயல்பு. ஆனால் ஒன்றை யோசியுங்கள். எந்தப் போரிலும் இரண்டு பக்கமும் எதிராளியைத்தான் ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லும். நியாயமான பக்கத்து வீரருக்கு மட்டுமே பாதுகாப்பு என்று விதி இருந்தால், இரண்டு பக்கத்து முகாம்களிலும் ஒருவருக்கும் பாதுகாப்பு கிடைக்காது. அதனால்தான் ஆக்கிரமித்த நாட்டின் சிப்பாய்க்கும் தற்காத்த நாட்டின் சிப்பாய்க்கும் சட்டம் ஒரே சோறு, ஒரே மருந்து என்று வைத்திருக்கிறது.

இந்தச் சட்டத்தின் கதை பெரும்பாலும் சோல்ஃபெரினோவிலிருந்து சொல்லப்படும். 1859 ஜூன் 24 அன்று வட இத்தாலியில் நடந்த அந்தப் போருக்குப் பிறகு, காயம்பட்டவர்கள் கவனிப்பாரின்றிக் கிடந்ததைப் பார்த்தார் ஹென்றி துனான் என்ற சுவிஸ் வணிகர். அவர் எடுத்த முயற்சியில் 1863இல் ஜெனீவாவில் உருவான குழுதான் பின்னாளில் சர்வதேச செஞ்சிலுவைக் குழு ஆனது. 1864இல் வந்த முதல் ஜெனீவா ஒப்பந்தம் காயமுற்ற வீரர்களைப் பற்றியது மட்டுமே. அதில் போர்க்கைதிகளுக்கு இடம் இல்லை.

கைதிகளுக்கான விதிகள் வேறு வழியில் வளர்ந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863இல் ஃபிரான்சிஸ் லீபர் என்ற சட்ட அறிஞர் வடக்குப் படைக்காக எழுதிக் கொடுத்த விதித்தொகுப்பில், எதிரிப் படையில் இருந்தார் என்ற ஒரே காரணத்துக்காகக் கைதியைத் தண்டிக்கக்கூடாது என்று எழுதப்பட்டது. பிறகு 1899, 1907 ஆண்டுகளில் நெதர்லாந்தின் ஹேக் நகர மாநாடுகளில் எழுதப்பட்ட போர்விதிகள் வந்தன. கைதி இருப்பது எதிரி அரசின் பொறுப்பில். அவரைப் பிடித்த சிப்பாயின் கையிலோ படைப்பிரிவின் கையிலோ இல்லை என்று அவை வரையறுத்தன. பிடித்தவனே உரிமையாளன் என்ற பழைய வழக்கம் இத்துடன் ஒழிந்தது. கைதியிடம் யாராவது முறைகேடாக நடந்தால் அந்தக் காவலரோடு அவருடைய அரசும் பதில் சொல்ல வேண்டும். 1929இல் போர்க்கைதிகளுக்கென்றே ஒரு ஜெனீவா ஒப்பந்தம் வந்தது. இரண்டாம் உலகப் போரின் கொடுமைகளைப் பார்த்த பிறகு, 1949 ஆகஸ்ட் 12 அன்று இப்போதுள்ள நான்கு ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. தரையில் காயமுற்றவர்கள், கடலில் காயமுற்றவர்கள், போர்க்கைதிகள், பொதுமக்கள் என்று நான்கு. உலக நாடுகள் அனைத்தும் இவற்றை ஏற்றிருக்கின்றன.

பிடிபடுவது குற்றம் இல்லை

சட்டத்தின் மையக் கருத்து இதுதான்: போர்க்கைதி குற்றவாளி கிடையாது. படையில் சேர்ந்து, சீருடை அணிந்து, எதிரிப் படையினரைச் சுட்டதற்காக அவர்மீது கொலை வழக்குப் போட முடியாது. போர்விதிகளை மீறியிருந்தால், உதாரணமாகப் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றிருந்தால், அதற்காக விசாரிக்கலாம். அந்த விசாரணையும் முறையான நீதிமன்றத்தில், வழக்கறிஞரோடு நடக்க வேண்டும். மற்றபடி அவரைப் பிடித்து வைத்திருப்பதற்கு ஒரே ஒரு காரணம்தான்: அவர் திரும்பிப் போய் மறுபடியும் துப்பாக்கி எடுக்கக்கூடாது. தண்டனை என்ற எண்ணமே இதில் இல்லை.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகள் பலவும் தாமாகவே புரிந்துவிடும். போர்க்கைதிகளை ஏன் சாதாரணச் சிறைச்சாலைகளில் அடைக்கக்கூடாது? அவர்கள் தண்டனைக் கைதிகள் இல்லை. பராமரிப்புச் செலவை ஏன் பிடித்து வைத்திருக்கும் நாடே ஏற்க வேண்டும்? அவர்களை அங்கே இருக்கச் சொன்னது அந்த நாடுதான்.

தப்பி ஓடுவது பற்றிய விதியைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. தப்ப முயன்று அகப்பட்டுக்கொண்டால் ஒழுங்கு நடவடிக்கை மட்டுமே எடுக்கலாம். அதிலும் எந்தத் தண்டனையும் 30 நாளைத் தாண்டக்கூடாது. வெற்றிகரமாகத் தப்பித் தன் படையோடு சேர்ந்துவிட்டு, பிறகு இன்னொரு சண்டையில் மறுபடி பிடிபட்டால், பழைய தப்புதலுக்காக அவரைத் தண்டிக்கவே முடியாது. தப்ப நினைப்பது படைவீரரின் இயல்பு என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. இந்த விதி ஏன் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டது என்பதற்கு 1944ஐத் திரும்பிப் பார்த்தால் போதும். அந்த மார்ச் மாதம் ஸ்டாலாக் லுஃப்ட் 3 என்ற ஜெர்மானிய முகாமிலிருந்து 76 நேச நாட்டு விமானப்படையினர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். மூவர் மட்டுமே பாதுகாப்பான இடத்தை அடைந்தார்கள். மீண்டும் பிடிபட்டவர்களில் 50 பேரை ஹிட்லரின் ஆணைப்படி கெஸ்டபோ என்ற ரகசியக் காவல் படை சுட்டுக் கொன்றது.

பாதுகாப்பு முகாமின் வாசலில்தான் தொடங்குகிறது என்று நினைக்க வேண்டாம். ஆயுதத்தைக் கீழே போட்டுக் கையைத் தூக்கியவரையும், காயத்தால் சண்டையிட முடியாமல் கிடப்பவரையும் சுடக்கூடாது. "ஒருவரையும் உயிரோடு பிடிக்காதே" என்று கட்டளை இடுவதே குற்றம். பிடித்தவுடன் சண்டை நடக்கும் இடத்திலிருந்து அவரை அப்புறப்படுத்த வேண்டும். தலைக்கவசமும் நச்சுவாயு முகமூடியும் அவரிடமே இருக்கும். பணத்தை எடுத்தால், ஓர் அதிகாரியின் உத்தரவின் பேரில் எடுத்து, ரசீது கொடுக்க வேண்டும்.

யாரெல்லாம் போர்க்கைதி? நாட்டின் ஆயுதப் படையினர் என்பதில் சிக்கல் இல்லை. படையோடு செல்லும் போர்ச் செய்தியாளர், சரக்கு வழங்குபவர், வணிகக் கப்பல் ஊழியர் ஆகியோரும் இதில் அடங்குவர். தன்னார்வப் படைகளுக்கு நான்கு நிபந்தனைகள்: பொறுப்பான தலைவர், தொலைவிலிருந்தே தெரியும் அடையாளம், வெளிப்படையாக ஆயுதம் ஏந்துதல், போர்விதிகளைப் பின்பற்றுதல். படை மருத்துவர்களும் மதகுருமார்களும் போர்க்கைதிகளாகக் கருதப்படுவதில்லை. கைதிகளுக்குத் தேவைப்படும்வரை மட்டுமே அவர்களை வைத்திருக்கலாம். ஒற்றர்களுக்கு இந்தத் தகுதி கிடையாது. ஒருவர் போர்க்கைதியா இல்லையா என்று சந்தேகம் வந்தால், தகுதியுள்ள மன்றம் முடிவு செய்யும்வரை அவரைப் போர்க்கைதியாகவே நடத்த வேண்டும்.

பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண்

பிடிபட்டவர் சொல்லியே ஆக வேண்டியவை இந்த நான்கு மட்டுமே. இதைப் பலர் "விசாரணையே கூடாது" என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படி இல்லை. எதிரி எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். பதில் வாங்குவதற்காக அடிக்கவோ, மிரட்டவோ, அவமானப்படுத்தவோ, சாப்பாட்டைக் குறைக்கவோ கூடாது. வாய் திறக்க மறுத்தவருக்கும் திறந்தவருக்கும் ஒரே நடத்தைதான். 2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தானில் பிடிபட்ட இந்திய விமானப்படை அதிகாரி அபிநந்தன், கேமராவுக்கு முன்னால் தன் பெயரையும் படை எண்ணையும் சொல்லிவிட்டு, விமானத்தையும் பணியையும் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தது பலருக்கு நினைவிருக்கும். அது பணிவான குரலில் எடுக்கப்பட்ட சட்ட நிலைப்பாடு. மார்ச் 1 அன்று அவர் திரும்பி வந்தார்.

ஆனால் அந்தக் காணொளிகள் எடுக்கப்பட்டு, பரப்பப்பட்டதே கேள்விக்குரியது. போர்க்கைதிகளை அவமதிப்பிலிருந்தும் பொதுமக்களின் வேடிக்கைப் பார்வையிலிருந்தும் காக்க வேண்டும் என்கிறது பிரிவு 13. 1966 ஜூலை 6 அன்று ஹனோய் தெருக்களில் அமெரிக்கக் கைதிகளை விலங்கிட்டு ஊர்வலமாக நடத்தியபோது, இரண்டு பக்கமும் நின்ற கூட்டம் அவர்களைத் தாக்கியது. இன்றைக்கு அப்படி ஒரு தெருவே தேவையில்லை. ஒரு கைபேசி போதும். அழுது வீங்கிய முகத்தோடு ஒரு கைதி பேசும் காணொளி நமக்கு வந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்பும்போது நாமும் அந்தக் கூட்டத்தில் போய் நிற்கிறோம் என்றே நான் நினைக்கிறேன். அந்த முகத்தைப் பார்த்து அவருடைய குடும்பத்தை யாராவது தேடிப் போகலாம் என்ற ஆபத்தும் இருக்கிறது.

முகாமுக்குள் ஒரு நாள்

ஒப்பந்தத்தின் பெரும்பகுதி அன்றாட வாழ்க்கையைப் பற்றியது. சாப்பாடு உடல் எடையும் ஆரோக்கியமும் குறையாத அளவுக்கு இருக்க வேண்டும். கைதிகளின் உணவுப் பழக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒருவர் செய்த தவறுக்காக எல்லோருடைய சாப்பாட்டையும் குறைப்பது தடை. தங்குமிடம், அதே பகுதியில் உள்ள காவல் படையினருடையதற்குக் குறையக்கூடாது. மாதத்துக்குக் குறைந்தது இரண்டு கடிதமும் நான்கு அஞ்சலட்டையும் எழுதலாம்.

அப்புறம் மாதா மாதம் மருத்துவப் பரிசோதனை. அதில் ஒவ்வொருவரின் எடையையும் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. "நன்றாகத்தான் சாப்பாடு போடுகிறோம்" என்று எந்தத் தளபதியும் சொல்லலாம். மூன்று மாத எடைக் குறிப்பு கையில் இருந்தால், முகாமைப் பார்வையிட வருபவருக்கு வேறு சாட்சி வேண்டாம்.

வேலை வாங்கலாம், ஆனால் வரம்பு உண்டு. அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த முடியாது. உடல்நலத்துக்குக் கேடான, ஆபத்தான வேலைகளுக்குக் கைதி தானாக முன்வந்தால் ஒழிய அனுப்பக்கூடாது. கண்ணிவெடி அகற்றுவதும் அதில் ஒன்று என்று பிரிவு 52 பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரான்சிலும் டென்மார்க்கிலும் ஜெர்மானியக் கைதிகளை வைத்துக் கண்ணிவெடிகளை எடுக்க வைத்தார்கள். பலர் உடல் சிதறி இறந்தார்கள். வென்றவர்கள் செய்த தவற்றையும் பார்த்துத்தான் இந்த வரி எழுதப்பட்டது.

கைதிகளுக்கு மாதாந்திர முன்பணமும் உண்டு. 1949 வாசகத்தின்படி சார்ஜண்டுக்குக் கீழே உள்ளவருக்கு 8 சுவிஸ் பிராங்க், ஜெனரலுக்கு 75. வேலை செய்தால் கூலி தனி. சாதாரண வீரர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரகசிய வாக்கெடுப்பில் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கலாம். ஒப்பந்தத்தின் முழு வாசகத்தையும் கைதிகளின் மொழியிலேயே, அவர்கள் படிக்கக்கூடிய இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும். தன் உரிமை இன்னது என்று தெரிந்தால்தானே ஒருவர் அதைக் கேட்க முடியும்?

பட்டியல் இல்லாத இடங்களில் என்ன நடந்தது

இதெல்லாம் காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது, நடக்குமா என்று கேட்பீர்கள். இரண்டாம் உலகப் போரே அதற்கு ஒரு கொடூரமான ஒப்பீட்டை விட்டுப் போயிருக்கிறது. ஜெர்மனி பிடித்த பிரிட்டிஷ், அமெரிக்கக் கைதிகளில் மிகப் பெரும்பாலானோர் உயிரோடு வீடு திரும்பினார்கள். செஞ்சிலுவைப் பார்சல்கள் வந்தன, பார்வையாளர்கள் வந்தார்கள், பெயர்கள் ஜெனீவாவில் இருந்தன. அதே ஜெர்மனி பிடித்த சோவியத் கைதிகள் ஏறக்குறைய 57 லட்சம் பேர். அவர்களில் சுமார் 33 லட்சம் பேர் பட்டினியிலும் குளிரிலும் நோயிலும், சுட்டுக் கொல்லப்பட்டும் இறந்தார்கள். சோவியத் ஒன்றியம் 1929 ஒப்பந்தத்தில் சேரவில்லை என்பது ஜெர்மனி சொன்ன சாக்கு. கைதியைக் கொல்லக்கூடாது என்பது எந்த ஒப்பந்தத்துக்கும் முன்பே நாடுகளைக் கட்டுப்படுத்திய போர்வழக்கு. அந்தச் சாக்கு அப்போதும் சட்டப்படி நிற்காது.

ஆசியாவில் ஜப்பான் 1929 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது, ஆனால் உறுதிப்படுத்தவில்லை. 1942, 1943 ஆண்டுகளில் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகளை வேலைக்கு இறக்கியது. 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நிலையிலும் கைதிகள் யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று ரகசியமாகக் குறிப்பு எழுதி மறைத்து வைத்தார்கள். போர் முடிந்ததும் அந்தக் கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடித்துப் பெயர் பொறிக்க முடிந்தது. அதே பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்கள், அதாவது பர்மியர்கள், ஜாவானியர்கள், மலாய்க்காரர்கள், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள், கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்தார்கள். அவர்கள் படைவீரர்கள் இல்லை; எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயரை முறையாக எழுதவில்லை. அதனால்தான் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு இன்றும் மதிப்பீடுகளைத்தான் சொல்ல முடிகிறது. 1949இல் பொதுமக்களுக்கென்று நான்காவது ஒப்பந்தம் ஏன் தேவைப்பட்டது என்பது இதிலிருந்து விளங்கும்.

யார் கேட்பது?

சர்வதேச செஞ்சிலுவைக் குழுவினருக்கு முகாம்களுக்குப் போகவும், காவலர் யாரும் உடனில்லாமல் கைதிகளோடு பேசவும் உரிமை உண்டு. பார்த்ததை அவர்கள் பெரும்பாலும் வெளியே சொல்ல மாட்டார்கள். நேராக அந்த அரசிடம்தான் சொல்வார்கள். இந்த மௌனம் பலரைக் கோபப்படுத்துகிறது. அந்த மௌனத்தை நம்பித்தான் கதவு திறக்கப்படுகிறது என்பது குழுவின் பதில். எனக்கு அந்தப் பதில் சரியென்றே படுகிறது, அனுமதி மறுக்கப்படும் இடங்களில் அது எவ்வளவு பலவீனமாகத் தெரிந்தாலும்.

கைதிகளைக் கொல்வதும் சித்திரவதை செய்வதும் ஒப்பந்தத்தின் பாரதூரமான மீறல்கள். அப்படிச் செய்தவர் எந்த நாட்டவராக இருந்தாலும் தேடிப் பிடித்து விசாரிக்க வேண்டிய கடமை எல்லா நாடுகளுக்கும் இருக்கிறது. "நீ என் ஆட்களை வதைத்தாய், நான் உன் ஆட்களை வதைக்கிறேன்" என்று பழிவாங்குவதும் முற்றாகத் தடை. 1942இல் பிரான்சின் டியெப் துறைமுகத்தில் நேச நாட்டுப் படை நடத்திய தாக்குதலுக்குப் பிறகு ஜெர்மனி கனடியக் கைதிகளுக்கு விலங்கு மாட்டியது. பதிலுக்கு நேச நாடுகளும் ஜெர்மானியக் கைதிகளுக்கு மாட்டின. இரண்டு பக்கமும் விலங்கில் இருந்தவர்கள், அந்தச் சண்டையை முடிவு செய்யும் இடத்தில் இல்லாதவர்கள்.

உள்நாட்டுப் போர்களில் நிலைமை வேறு. போர்க்கைதி என்ற தகுதியே அங்கே இல்லை. ஆயுதம் ஏந்தியதற்காகவே அரசு ஒருவரை வழக்கில் நிறுத்தலாம். ஆனால் நான்கு ஒப்பந்தங்களுக்கும் பொதுவான பிரிவு 3 அங்கும் செல்லும். கொலை, சித்திரவதை, பிணை பிடித்தல், அவமதிப்பு, முறையான நீதிமன்றம் இல்லாத தண்டனை ஆகிய எல்லாமே தடை. கியூபாவில் உள்ள குவாண்டனாமோ அமெரிக்கத் தடுப்பு முகாமில் வைக்கப்பட்டிருந்தவர் தொடர்பான வழக்கில், அல் கய்தாவுடனான மோதலுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று 2006இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வீடு திரும்புதல்

சண்டை ஓய்ந்ததும் கைதிகளைத் தாமதமின்றி விடுவித்து நாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது பிரிவு 118. சமாதான ஒப்பந்தம் வரும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. நடைமுறையில் கைதிகள் பேரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் சரணடைந்த பிறகு இந்தியாவின் பொறுப்பில் வந்த பாகிஸ்தானியர் சுமார் 93,000 பேர். 1973 ஆகஸ்டில் டெல்லி உடன்பாடு ஏற்பட்ட பிறகே அவர்களைப் பெருமளவில் அனுப்பத் தொடங்கினார்கள். 1974 ஏப்ரலில்தான் அது முடிந்தது. மேற்கு சகாராவில் 1991இலேயே போர்நிறுத்தம் வந்தது. மேற்கு சகாராவின் விடுதலைக்காகப் போராடிய பொலிசாரியோ இயக்கத்தின் பிடியில் இருந்த மொராக்கோ வீரர்களில் கடைசி 404 பேர் 2005 ஆகஸ்டில்தான் விடுதலை ஆனார்கள். சிலர் இருபது ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தவர்கள்.

கொரியப் போரில் நேர் எதிரான சிக்கல் வந்தது. ஆயிரக்கணக்கான கைதிகள் ஊருக்குத் திரும்ப மறுத்தார்கள். இந்தியப் படையின் ஜெனரல் திம்மையா தலைமையில் நடுநிலை நாடுகளின் ஆணையம் ஒன்று அவர்களைப் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. திரும்பினால் துன்புறுத்தப்படுவோம் என்று அஞ்சுபவரைக் கட்டாயப்படுத்தி அனுப்பக்கூடாது என்பது அதற்குப் பிறகு வலுப்பட்ட நிலைப்பாடு.

இப்போது அந்த அட்டைக்கு வருகிறேன். முதல் உலகப் போர் தொடங்கிய 1914 ஆகஸ்டிலேயே ஜெனீவாவில் போர்க்கைதிகள் தகவல் நிறுவனம் திறக்கப்பட்டது. தன்னார்வலர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், நாடுகள் அனுப்பிய பட்டியல்களையும் குடும்பங்கள் எழுதிய கடிதங்களையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் கையால் ஓர் அட்டை எழுதினார்கள். "என் மகன் உயிரோடு இருக்கிறானா" என்று வரும் கடிதத்தின் அட்டை, "இன்ன முகாமில் இருக்கிறார்" என்ற பட்டியலின் அட்டைக்குப் பக்கத்தில் வந்து விழும் நாளில் ஒரு குடும்பத்துக்குப் பதில் கிடைக்கும். போர் முடிவதற்குள் அப்படி 70 லட்சம் அட்டைகள் சேர்ந்தன. 2014இல் செஞ்சிலுவைக் குழு அவற்றை இணையத்தில் வைத்தது. நூறு ஆண்டுக்கு முன்பு பிடிபட்ட கொள்ளுத்தாத்தாவைத் தேடும் ஒருவர், இன்று அங்கே அகரவரிசையில் பெயரைத் தேடி, யாரோ ஒரு தன்னார்வலர் மையால் எழுதிய அந்த அட்டையைத் தன் திரையில் படிக்கலாம்.